தெற்குப் பக்கத்துக் கல்

செப்டம்பர் 3, செவ்வாய்

வானிலை: மழை. ஆள்: ஒன்று. வேலை: இல்லை.

அணைக்கட்டிலும் கால்வாயிலும் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தபோது தினமும் இப்படித்தான் எழுதினேன். முதலில் வானிலை, பிறகு எத்தனை ஆள் வந்தார்கள், என்ன வேலை நடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. இந்த ஊரில் முதல் வரியை ஒரு மாதத்துக்கும் சேர்த்து இன்றே எழுதி வைத்துவிடலாம்.

மகள் கோமதி வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. ஸ்காட்லாந்து என்று தென்காசியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஒரு தெரு, ஒரு தேவாலயம், மீதியெல்லாம் ஆடு. நம்மூரில் சலவைக்காரர் துணிக்குக் குறி போடுவது போல ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் நீலச் சாயம். ஊரின் பெயரை எழுத வருகிறது, சொல்ல வரவில்லை. நான் சொன்னால் இவர்களுக்குப் புரியவில்லை. இவர்கள் சொன்னால் அது ஒரு பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை கடலுக்கு நடுவில் காற்றாலை பழுது பார்க்கிறார். சில வாரம் கடல், சில வாரம் வீடு. மாமனார் இறங்கிய அன்றைக்கே அவருக்குக் கடல் முறை வந்தது தற்செயல் என்று கோமதி சொல்கிறாள். இருக்கட்டும்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை இங்கே தெம்பானவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

கோமதி தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, வீட்டுக்குப் பின்னால் மலையில் ஒரு இடம் இருக்கிறது, உங்களை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

வானிலை: மழை, நடுவில் வெயில் போல ஏதோ ஒன்று.

அவள் மலை என்றது அடுக்களை ஜன்னலில் தெரியும் மேடு. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்த என்னிடம் இதைக் காட்டி மலை என்கிறாள். எங்கள் பக்கம் இதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

மேட்டின் பாதியில் ஒரு கற்குவியல் இருக்கிறதாம். கெய்ர்ன் என்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரையோ எரித்து, எலும்பைப் பொறுக்கி, குழியில் வைத்து, மேலே கல்லைக் குவித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பலகை, வழி காட்ட ஒரு கம்பு, வரைபடத்தில் ஒரு புள்ளி. இத்தனை காலமும் அப்படியே நிற்கிறது என்று கோமதி பெருமையாகச் சொன்னாள். நிற்காமல் எங்கே போகும், கல்தானே.

இந்தப் பெருமையெல்லாம் என்னிடம் செல்லாது. தாமிரபரணிப் பக்கம் கிளைக் கால்வாய் வெட்டியபோது மண்வெட்டி போட்ட இடமெல்லாம் தாழி. இடுப்புயரப் பானை, உள்ளே எலும்பு. வேலையாட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நாளைக்கு வருகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை. அன்று மதியத்துக்குள் பதினோரு தாழியை உடைத்து ஓரமாக ஒதுக்கினோம். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது உலகம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஒரு நாள் பொறுத்தா என்ன? கால்வா எங்கயும் ஓடியா போயிரும்?" என்றாள்.

உலகம்மாள் என் மனைவி. இறந்து இரண்டு வருஷமாகிறது.

கால்வாய் குறித்த தேதிக்கு முடிந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

வானிலை: எழுத வேண்டியதில்லை.

கோமதிக்கு விடுமுறை. மறுபடியும் மலைப் பேச்சு. பத்தொன்பதாம் தேதி உலகம்மாளின் திதி வருகிறது, அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் மேலே போய் வருவோம் என்றாள். திதிக்கும் அந்தக் கற்குவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அங்கே வந்து சொல்கிறேன் என்றாள். முழங்கால் வலிக்கிறது, என்னால் ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தால் கோமதி பாத்திரம் கழுவுவாள், அம்மா மாதிரி. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

யாருக்கோ குவித்த கல்லுக்கு முன்னால் நின்று தாய்க்குத் திதி கொடுக்க ஆசைப்படுகிறாள். தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராதவளுக்கு இப்போது இவ்வளவு அக்கறை. ஒரே பிள்ளை. கொள்ளி வைத்ததும் பதினாறு நாள் காரியம் பார்த்ததும் என் அண்ணன் மகன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

வானிலை: தூறல். காற்று.

பக்கத்து வீட்டு மொய்ரா ஒரு கேக்கோடு வந்தாள். கட்டுமான வேலைக்கு அனுப்பினால் செங்கல்லுக்குப் பதில் எடுத்துக்கொள்வார்கள். எழுபத்து நான்கு வயது, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது இந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். அந்தக் கற்குவியலைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு.

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேலே ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அதன்மேல் போட்டுவிட்டுப் போகிறார்களாம். அது இங்கே பழைய வழக்கமாம். ஆனால் புதுக்கல் சேரச் சேரப் பழைய குவியல் கெட்டுப்போகிறது. அதனால் வருஷத்தில் இரண்டு தரம் புதுக்கல்லைப் பொறுக்கிக் கழிப்பார்கள். முதலில் போடுகிறார்கள், பிறகு எடுக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் நம்மை எப்படி ஆண்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

சனிக்கிழமை அந்த வேலையாம். மற்ற எட்டுப் பேருக்கும் சளி, இடுப்பு வலி, கல்யாணம். நான் என்ஜினீயர் என்று கோமதி சொல்லியிருக்கிறாள் போல, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். இங்கே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதோடு, மொய்ராவோடு போனால் கல்லைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

கோமதிக்குச் சனிக்கிழமை வேலை நாள். அவளிடம் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று சொன்னது நினைவிருக்கும்.

செப்டம்பர் 14, சனி

வானிலை: அதிசயமாக மழை இல்லை. ஆள்: இரண்டு. வேலை: கல் அகற்றுதல், முழுவதும் முடிந்தது.

கெய்ர்னைப் பார்த்தாகிவிட்டது. எட்டு எட்டு வைத்தால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. உயரம் என் முழங்கால் அளவு. பாதிக்கு மேல் புல் மூடியிருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம், அதில் சாய்ந்த மாதிரி ஒரு பலகைக் கல். அந்தக் காலத்தில் வேலிச்சுவர் கட்ட வந்தவர்கள் பாதிக் கல்லை எடுத்துப் போய்விட்டார்களாம். நல்ல காரியம். சுவருக்காவது உதவியது. என் கணக்குப்படி மொத்தமும் நாலு ஆள் இரண்டு நாளில் போடக்கூடிய வேலை. மேஸ்திரி தேவையில்லை.

உள்ளே வைத்தது ஒரு பெண்ணின் எலும்பாக இருக்கலாம், முப்பது வயது இருக்கலாம் என்று மொய்ரா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவது போல. இருக்கலாம், இருக்கலாம். எங்கள் துறையில் இப்படி எழுதிக் கொடுத்தால் கோப்பு அப்படியே திரும்பி வரும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்றும் எனக்கு. தெற்குப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தொட வேண்டாம் என்று மொய்ரா இரண்டு தரம் சொன்னாள். பழைய கல்லில் பாசி ஏறி ஓரம் மழுங்கியிருக்கும். புதுக்கல் மொட்டையாகத் தெரியும். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் என் மூன்று பக்கமும் முடிந்தது. அவள் அதுவரை தெற்கில் கையே வைக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸ் வேகம். அவள் டீ குடித்து முடிப்பதற்குள் தெற்கையும் நானே முடித்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தது ஏழே கல். சரிவில் எறிந்தேன். அதில் ஒன்று ஆற்றுக்கல், வழுவழுவென்று கருப்பாக, குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு. விபூதிப் பட்டை போட்டது போலவே இருந்தது. ஸ்காட்லாந்துச் சைவர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அதையும் விட்டெறிந்தேன். நல்ல தூரம் போயிற்று. எழுபது வயதிலும் கை போகவில்லை.

மொய்ரா திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். தெற்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். எந்தப் பக்கம் எறிந்தீர்கள் என்று கேட்டாள். காட்டினேன். அந்தச் சரிவைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் வேலையை இன்னொருவன் செய்து முடித்துவிட்டால் சிலருக்குப் பொறுக்காது. மழை வரும், இறங்கலாம் என்றாள். மழை வரவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

வானிலை: பலத்த மழை. மொய்ரா காலையிலிருந்து சரிவில் பெரணிச் செடிகளுக்குள் குனிந்துகொண்டு நிற்கிறாள். அடுக்களை ஜன்னலில் தெரிகிறது. கிழவிக்கு வேறு வேலை இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

வானிலை: மழை.

இன்றும் மொய்ரா சரிவில்தான். மஞ்சள் கோட்டு, கையில் ஊன்றுகோல். ஏதாவது தொலைத்துவிட்டாளா என்று கோமதி கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றேன்.

திருத்தம். 8-ம் தேதிப் பதிவில், தாய் முகத்தைப் பார்க்கக் கோமதி வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். பதிவு சரியாக இருக்க வேண்டும். வந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டாக்சியில் வந்து இறங்கினாள். உலகம்மாள் போனது திங்கள் விடியற்காலை. மாலை நாலு மணிக்குத் தகனம் முடிந்துவிட்டது. புரட்டாசி வெயில் என்ன வெயில் என்று எல்லோருக்கும் தெரியும். கடையத்திலிருந்து, சுரண்டையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் திரும்பிப் போக வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது.

கோமதி ஐந்து நாள் இருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐந்து நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

வானிலை: தூறல். ஆள்: இரண்டு.

காலையில் எழுந்து வந்தபோது வடையும் பாயசமும் செய்து தூக்குச் சட்டியில் வைத்திருந்தாள். எள், விபூதி, ஒரு செம்பு. என் முன்னால் ஊன்றுகோலை வைத்தாள். மொய்ராவிடம் இரவல் வாங்கியதாம். முழங்காலைச் சொல்லித் தப்ப முடியவில்லை. ஏறினோம்.

வழியில் எனக்கு இடம் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் நடந்தேன். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனேன். இந்த வயதில் இப்படி ஒரு நடிப்பு.

மேலே போனதும் செருப்பைக் கழற்றினாள். இந்தக் குளிரில் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நேராகத் தெற்குப் பக்கம் போனாள். குனிந்தாள். முதலில் புல்லை விலக்கிப் பார்த்தாள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி வந்தாள். பிறகு உட்கார்ந்து கையால் துழாவினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கன ஒரு கல் இருந்துச்சுப்பா. மூணு வெள்ளைக்கோடு போட்டது. காணல" என்றாள்.

எங்கள் பக்கம் பதினைந்தாம் நாள் சாயங்காலம் கல் நிறுத்துவோம். போனவர் அந்தக் கல்லில் வந்து இருப்பதாகக் கணக்கு. அன்றைக்கு அதற்குப் படையல் போட்டு, பதினாறாம் நாள் காலையில் அதை எடுத்து ஆற்றில் விட்டுவிடுவோம். ஊரில் என் அண்ணன் மகன் கல் நிறுத்திய அதே நாள் கோமதி கீழே ஓடையிலிருந்து இந்தக் கல்லை எடுத்து வந்து இங்கே வைத்திருக்கிறாள். குளித்துவிட்டு வந்து அம்மா நெற்றியில் போட்டுக்கொள்கிற பட்டை மாதிரியே இருந்ததால் அந்தக் கல். வேறெங்கே வைப்பது, இந்த ஊரில் செத்தவர்களுக்குக் கல் வைத்த இடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது என்றாள். புதுக்கல் வைக்கக்கூடாது என்று பலகை இருப்பதால் மொய்ராவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். மொய்ரா சங்கத்துக்குச் சொல்லாமல் இரண்டு வருஷமாக அந்த ஒரு கல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். தெற்குப் பக்கத்தை யாரையும் தொட விடமாட்டாளாம்.

பதினாறாம் நாள் கல்லை எடுக்கக் கோமதிக்கு மனசு வரவில்லை. "நீங்க வருவீங்க, ரெண்டு பேருமாச் சேந்து எடுத்து ஓடையில விடலாம்னு வச்சிருந்தேன்" என்றாள். பேசிக்கொண்டே இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆடு தட்டியிருக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. இங்கே ஆட்டுக்கா குறைச்சல்.

"நான்தான் எறிஞ்சேன்" என்றேன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எறிந்ததைச் சொல்லவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தாம்ப்பா செஞ்சீங்க. நான் வாறதுக்குள்ள" என்றாள்.

தூக்குச் சட்டியைத் திறக்காமலே கீழே இறங்கினோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

வானிலை: மழை. ஆள்: ஒன்று, பிறகு மொய்ராவும். வேலை: தேடல். கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

வானிலை: மழை. ஆள்: இரண்டு. வேலை: தேடல்.

மொய்ரா ஐந்து நாள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் அவளுக்கு முறை தெரியாதது. மனம் போன பக்கம் போய்த் தேடியிருக்கிறாள். இன்று கயிறும் முளைக்குச்சியும் கொண்டுபோய், நான் எறிந்த இடத்திலிருந்து சரிவை இரண்டிரண்டு மீட்டர் பட்டையாகப் பிரித்தேன். ஒவ்வொரு பட்டையிலும் மேலிருந்து கீழே பெரணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மொத்தம் பத்தொன்பது பட்டை. இன்று ஆறு முடிந்தது. எல்லாக் கல்லும் இருக்கிறது, அந்தக் கல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கொசு சட்டைக்குள் புகுந்து கடிக்கிறது. இந்த நாட்டில் கொசுகூட நேராக வந்து கடிக்காது.

அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மொய்ராவைக் கேட்டேன். கண்டுபிடித்துத் திரும்ப வைத்துவிட்டால் யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று நினைத்தாளாம். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அந்தக் கேக்கைப் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. மற்றபடி அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம்.

கோமதி மேஜையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

வானிலை: மழை. வேலை: பட்டை ஏழு முதல் பதினான்கு வரை. கிடைக்கவில்லை.

கோமதிக்கு விடுமுறை. நான் சரிவில் குனிந்து நிற்பதை அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அங்கேதான் நின்றாள்.

இரண்டாவது திருத்தம். 16-ம் தேதிப் பதிவில் வெயில் என்று எழுதியிருக்கிறேன். பொய். ஐஸ் பெட்டி வந்து வாசலில் இறங்கியது. அண்ணன் மகன் சொல்லிவிட்டு வரவழைத்திருந்தான். நான்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். கடையம் உறவுக்காரர்கள், ராத்திரி இருந்து நாளைக்கு எடுக்கலாம் என்றார்கள். கோமதி இங்கிருந்து விமானம் ஏறும் முன்னால் போன் செய்தாள். ஒரு ராத்திரிதாம்ப்பா, நான் வந்துருதேன் என்றாள். சரி என்று சொல்லி வைத்தேன். வைத்துவிட்டு, தூக்குங்கள் என்றேன்.

நாற்பத்தொரு வருஷம் என் கூட இருந்தவள் கூடத்தில் படுத்திருந்தாள். தாடையைக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அணை மதகு உடைந்து தண்ணீர் வந்தபோது ஓடாத ஆள் நான். இதற்கு ஓடினேன். பிறகு இரண்டு வருஷமாக, மகள் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேவலம்.

செப்டம்பர் 23, திங்கள்

வானிலை: காலையில் மழை, பிறகு விட்டது. ஆள்: இரண்டு. வேலை: கல் கிடைத்தது.

பதினைந்தாம் பட்டையின் அடியில் சரிவு ஓடையில் போய் முடிகிறது. கால் மட்டும் நனையும் ஓடை. மொய்ரா கரையில் நிற்க, நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். கரை அரித்து உள்ளே குடைந்திருந்த இடத்தில், தண்ணீருக்குள், மூன்று கோடும் மேலே தெரியக் கிடந்தது. மணி பதினொன்று.

கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கேதான் கிடந்தது. நான் எறிந்து, உருண்டு, அதுவாகவே வந்து சேர்ந்திருக்கிறது. காரியம் முடிந்தது என்று கணக்கு எழுதிவிடலாம். யாருக்கும் சொல்லாமல் அப்படியே விட்டுவிடலாம். மொய்ரா வேறு ஒன்று சொன்னாள். மேலே கொண்டுபோய்த் தெற்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம், கோமதி சாயங்காலம் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டையும் வேண்டாம் என்றேன்.

கல்லை எடுத்துக் கரையில் புல்மேல் வைத்தேன். மொய்ரா கோமதிக்குப் போன் செய்தாள். மருந்தகத்தில் மாற்று ஆள் இல்லை, ஆறு மணிக்குத்தான் வர முடியும் என்று கோமதி சொன்னதாகச் சொன்னாள். என்னிடம் பேசுகிறாளா என்று மொய்ரா கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். மொய்ரா வீட்டுக்குப் போய்ப் போர்வையும் டீயும் அந்தக் கேக்கில் ஒரு துண்டும் கொண்டுவந்தாள். கேக்கை முழுவதும் தின்றேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். பிறகு நானும் கல்லும்தான்.

முதல் ஒரு மணி நேரம் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்து நடந்தேன். ஆடுகளை எண்ணினேன், எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன். கல்லை நேராகப் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் பார்த்தேன். காய்ந்ததும் கருப்பு மங்கி, கோடுகள் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தன. தாழி உடைத்ததைச் சொல்லி, நீ சொன்னது சரிதான் என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அந்த இடத்தில் கேட்க ஆள் இல்லை. பிறகு நிறையச் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுதுவதாக இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அப்படியொன்றும் பயமாக இல்லை.

கோமதி ஆறு பத்துக்கு வந்தாள். வேலைக்குப் போட்டிருந்த உடுப்போடு, வேலிக்கதவைச் சாத்தக்கூட நிற்காமல் வந்தாள். கல்லைப் பார்த்தாள். தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எப்பம் கெடச்சுது?"

"பதினோரு மணிக்கு."

"அப்பமிருந்தா இங்கனயே இருக்கீங்க?"

"நீ வரணும்லா" என்றேன்.

அவள் என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். பாறை சின்னது, இடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. கேட்காமல் விட்டுவிடுவாளோ என்று பயந்து நானே சொன்னேன்.

"அன்னைக்கு வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ பக்கத்துல உக்காந்திருக்க என்னால முடியலம்மா. நீ வருவேன்னு தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன். நீ வந்து அழுவே, அதையும் நான் பாக்கணுமேன்னு இருந்துச்சு."

என்னை மன்னித்துவிட்டதாகக் கோமதி சொல்லவில்லை. அது நியாயம்தான். கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகுதான் அழுதாள். இந்தத் தடவை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் ஓடையில் விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றாள். "இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். நாளைக்கு விடுவோம்."

செப்டம்பர் 24, செவ்வாய்

வானிலை: மழை. ஆள்: இரண்டு. வேலை: நடக்கவில்லை.

கல் ஹாலில் நாற்காலியில் இருக்கிறது. கோமதி பாயசம் வைத்தாள். காலையில் செம்பையும் விபூதியையும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பி நின்றாள். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.